குதிகால் முதலில்

10.6.2006, சனி

வைரக்கண்ணுவின் அம்பாசிடரில் சரசாவை ஏற்றுவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. வலது கால் தானாக ஏறிவிடும். இடது காலை நான் குனிந்து தூக்கி உள்ளே வைக்க வேண்டும். "மூட்டை ஏத்தறேளா, பொண்டாட்டிய ஏத்தறேளா?" என்றாள். வைரக்கண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தான்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரம். எதற்கு? டான்ஸ் கற்றுக்கொள்ள. சரசாவுக்கு வயசு ஐம்பத்தேழு. பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். கோலாட்டம்கூட ஆடியதில்லை. ஏழு வருஷமாக மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். மூளையிலிருந்து காலுக்குப் போகிற நரம்பின் மேலுறை அங்கங்கே அரித்துவிட்டது, உத்தரவு கிளம்புகிறது, வழியில் கசிந்துவிடுகிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. முப்பத்தொரு வருஷம் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் தண்ணீரின் மட்டம் பார்த்து எழுதினவன். தலைமடையில் திறந்தது கடைமடைக்கு வரவில்லை என்றால் கரை எங்கோ உடைந்திருக்கிறது. அதை அடைக்க ஆள் அனுப்பலாம். இதற்கு யாரை அனுப்புவது?

சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஹால். சொல்லித் தருகிறவள் ஷீபா, தரங்கம்பாடிப் பெண், முப்பது வயசு இருக்கும். படித்தது பிசியோதெரபி. சின்ன வயசிலிருந்து பரதமும் கற்றிருக்கிறாள். இரண்டையும் சேர்த்து இந்த வகுப்பு. சரசாவோடு சேர்த்து ஐந்து பேர் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் இதே நோய்.

"இது நோயைக் குணப்படுத்தாது மாமி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள். "இருக்கற பலத்தை வச்சுக்கிட்டு எப்படி நடக்கறதுன்னு உடம்புக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்கறோம். அவ்வளவுதான்."

பொய் சொல்லாத ஆள் என்று தோன்றியது. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஐந்து பேர் தொடையில் தாளம் தட்டுவதைப் என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே போய் வைரக்கண்ணுவோடு நின்றேன்.

11.6.2006, ஞாயிறு

ராகவேந்திரன் நியூஜெர்சியிலிருந்து போன் பண்ணினான். ஞாயிறு காலை எட்டுக்குத் தவறாது. ஐந்து வருஷமாகக் குரல்தான். கிரீன் கார்டு வரும்வரை அசைய முடியாது என்றவன் இப்போது கிடைத்துவிட்டது என்கிறான். தீபாவளிக்கு வருகிறானாம்.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னான். கோயம்புத்தூர் பக்கத்தில் பெரியவர்களுக்கென்றே வீடு கட்டுகிறார்களாம், நர்ஸ் உண்டு, சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும். "அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம்ப்பா."

அவனுக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பது மூட்டு வலி. ஏழு வருஷமாக மூட்டு வலி.

போனை வைத்ததும் சரசா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவன் வரச்சே நான் வாசல்ல நிக்கணும். கேட்டை நான் திறக்கணும். நீங்க பின்னாடி நில்லுங்கோ. நின்னுட்டேன்னா கோயம்புத்தூர் பேச்சே வராது."

கட்டிலிலிருந்து வாசல் கேட் வரை நடந்து எண்ணிப் பார்த்தேன். என் காலுக்கு நாற்பத்தாறு அடி.

17.6.2006, சனி

இன்று என்னையும் இழுத்துவிட்டாள் ஷீபா. எதிரில் ஒரு ஆள் நின்று அவர்கள் செய்வதையே செய்ய வேண்டுமாம், கண்ணாடி மாதிரி. காதர் மைதீனுக்கு அவர் தம்பி. சரசாவுக்கு நான்.

காதர் மைதீன் கூத்தாநல்லூர்க்காரர், முப்பத்தெட்டு வயசு. சிங்கப்பூரில் பத்து வருஷம் கடையில் வேலை. ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொரு வாடிக்கையாளரும் இரண்டிரண்டாகத் தெரிந்தார்களாம். "வியாபாரம் பெருகிருச்சுன்னுல சார் நெனச்சேன்" என்றார். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் நான் சரசாவின் கையை நாலு பேர் முன்னால் பிடித்ததில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கம் கிடையாது. இப்போது பிடிக்காமல் இருக்க முடியவில்லை. விழுந்துவிடுவாளோ என்று மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது.

"சார், பிடிக்காதீங்க. உள்ளங்கையை மட்டும் கொடுங்க. நீங்க இறுக்கிப் பிடிச்சா அவங்க கால் வேலை செய்யாது, நீங்க இருக்கீங்கன்னு விட்டுரும்."

உள்ளங்கையோடு உள்ளங்கை. அவள் கை சில்லென்று இருந்தது. என் கைதான் வேர்த்தது.

28.6.2006

கட்டிலிலிருந்து கூடம் வரை. பதினோரு அடி. சுவரைப் பிடித்தது மூன்று முறை.

15.7.2006, சனி

நடு வகுப்பில் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்று பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, சரசா "ஏன்னா, கண்ணு மங்கறது" என்றாள். கால் இரண்டும் துவண்டுவிட்டது. ஷீபா ஓடிப்போய் ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். அரை மணியில் பழையபடி ஆகிவிட்டாள்.

கிளம்பும்போது ஷீபா என்னை மட்டும் காருக்கு இந்தப் பக்கம் அழைத்துச் சொன்னாள். இந்த நோய்க்கு உடம்புச் சூடு ஆகாது. அரை டிகிரி ஏறினால் போதும், நரம்பில் ஓடுகிற கொஞ்சநஞ்சமும் நின்றுவிடும். ஆறினால் திரும்பிவிடும், ஆனால் அந்த நேரத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடாது. "வெயில், அடுப்படி, முக்கியமா வெந்நீர்க் குளியல். வெந்நீர் வேண்டவே வேண்டாம் சார்."

சரி என்றேன். இந்தக் காலத்தில் யார் வெந்நீரில் குளிக்கிறார்கள்? நம் வீட்டில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடுகிறது. சரசாவிடம் 'வெயில்ல நிக்கக் கூடாதாம்' என்று மட்டும் சொன்னேன். சும்மா பயமுறுத்துவானேன்.

5.8.2006, சனி

புதிய பாடம். காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை மட்டும் தரையில் தட்டி, திரும்பக் கொண்டுவர வேண்டும். சரசாவின் இடது பாதம் நடக்கும்போது தொங்கும், கட்டைவிரல் தரையில் இடறும். அதற்காகவே யாரோ அந்தக் காலத்தில் யோசித்து வைத்த மாதிரி இருக்கிறது இந்த அடவு. 'குதிகால் முதலில்' என்று ஷீபா சொல்லிக்கொண்டே தட்டுக்கட்டையில் அடிக்கிறாள். சொல் காதில் விழுந்தால் கால் போகிறது. நாமாக 'நட' என்று நினைத்தால் போவதில்லை. இது என்ன கூத்து? கேட்டால், தாளம் வேறு வழியாகப் போகிறது என்கிறாள். பெரிய வாய்க்கால் அடைத்துக்கொண்டால் கிளை வாய்க்காலில் திருப்பிவிடுவோமே, அப்படித்தான் போலிருக்கிறது.

வீட்டில் தட்டுக்கட்டை கிடையாது. பூரிக்கட்டையால் மணையில் தட்டினேன். அம்சம் பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டு வந்து நின்றாள். பத்து வருஷமாக வேலைக்கு வருகிறாள், என்னை இந்தக் கோலத்தில் பார்த்ததில்லை.

"ஐயா அம்மாவ விட நல்லா ஆடுறாங்களே."

"ஆமாண்டி, அவரை மேடையேத்திடலாம்னு இருக்கேன்" என்றாள் சரசா. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. அம்சம் சிரிக்க, நானும் சிரித்தேன். இந்த வீட்டில் மூன்று பேர் ஒன்றாகச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

22.8.2006, செவ்வாய்

மோசமான நாள். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. அசதி. உடம்பு பூராவும் ஈரச் சாக்கைப் போர்த்திய மாதிரி இருக்கிறதாம். நான் போய் "சரசா, குதிகால் முதல்ல" என்று ஆரம்பித்தேன்.

"போறும். போறும்னா. ஒங்களுக்கு என்ன, ரிஜிஸ்டர்ல எழுதணும். நேத்திக்கு இருபது அடி, இன்னிக்கு பூஜ்யம்னு எழுதிக்கோங்கோ. நான் என்ன வாய்க்காலா?"

தம்ளரைத் தட்டிவிட்டாள். காபி சுவரெல்லாம்.

நான் என்னத்தைச் சொல்வேன்? எனக்கு மட்டும் என்ன, ஆசையா? எண்ணாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது, அதனால்தானே எண்ணறேன். அவள் கிட்ட எப்படிச் சொல்றது. வேற என்ன தெரியும் எனக்கு.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "எழுதிட்டேளா?" என்றாள். இல்லை என்றேன். "நாளைக்கு எழுதிக்கலாம்" என்றாள்.

16.9.2006, சனி

ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. காதர் மைதீன் நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போட்டார், ஷீபா சொல் சொன்னாள். நான் பின்பக்கமாகவே நடந்தேன், உள்ளங்கையை நீட்டியபடி. அவள் என் கையைத் தொடவேயில்லை. இருபத்திரண்டு அடி.

சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், அவர்களுக்கு என்ன கணக்கு என்று தெரியாது. நான் சொன்னேன், இருபத்துநாலு.

காரில் வரும்போது என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வைரக்கண்ணு பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான். இருபக்கமும் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. இந்த வருஷம் தண்ணீருக்குக் குறைச்சலில்லை.

11.10.2006

நாற்பத்தாறு. வராந்தாத் தூணை ஒரு தடவை தொட்டாள். தொட்டது கணக்கில் சேராது என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

18.10.2006, புதன்

வந்துவிட்டான்.

கார் சத்தம் கேட்டபோது அவள் ஏற்கெனவே கேட்டருகில் இருந்தாள். அரக்கு நிறப் பட்டு. கம்பியை லேசாகப் பிடித்திருந்தாள், பார்க்கிறவர்களுக்குக் கேட்டைத் திறக்க நிற்கிற மாதிரிதான் தெரியும். நான் ஐந்தடி பின்னால்.

"வாடா" என்றாள்.

ராகவேந்திரன் பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டான். ஆள் பருத்துவிட்டான், முன் மண்டையில் முடி இல்லை. திரும்பி வீட்டுக்குள் நடந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? அவள் உதடு அசைவதை நான் பார்த்தேன். சொல் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

20.10.2006, வெள்ளி

"அம்மா நன்னாத்தானே இருக்கா. நான்தான் என்னென்னவோ நெனச்சுண்டிருந்தேன்" என்றான் ராகவேந்திரன். கோயம்புத்தூர் பேச்சை எடுக்கவில்லை. சரசா எனக்கு ஒரு பார்வை கொடுத்தாள். முப்பத்துமூன்று வருஷத்தில் அப்படி ஒரு வெற்றிப் பார்வை பார்த்ததில்லை.

நாளை தீபாவளி. பரணிலிருந்து வெந்நீர்த் தவலையை இறக்கினேன். அவன் போன பிறகு அதை இறக்கவே இல்லை, இரண்டு பேருக்கு எதற்கு என்று. அம்சம் புளி போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் நிரப்பி, சந்தனம் குங்குமம் இட்டு, கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டினேன். ராகவேந்திரன் அதைப் போட்டோ எடுத்தான். "இதெல்லாம் அங்க கெடையாதுப்பா. ஷவர்தான்" என்றான்.

21.10.2006

சரசா விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி.

25.10.2006, புதன்

ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்துப் பேசுகிறாள். ராகவேந்திரன் அங்கே இருக்கிறான், நான் துணி எடுக்க வந்தேன்.

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நானே மாற்றிவிடுவேன்.

விடியற்காலை எழுந்து தவலையின் அடியில் விறகு மூட்டினேன். ராகவேந்திரனுக்கு அவள் கையால் எண்ணெய் வைத்தாள், அவன் குளித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டான். பிறகு அவள் முறை. இரண்டு வருஷமாக நான்தான் குளிப்பாட்டி விடுகிறேன். ஸ்டூலில் உட்கார வைத்துப் பச்சைத் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். அன்றைக்கும் வாளியில் பச்சைத் தண்ணீர் தயாராக இருந்தது. அதையும் எழுதுகிறேன். இருந்தது.

ஷீபா சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நினைவு இருந்தது. தீபாவளியன்று தலையில் எண்ணெய் வைத்துப் பச்சைத் தண்ணீர் விடுவதா? அது எங்கள் வீட்டில் துக்கத்துக்குச் செய்வது. பிள்ளை ஐந்து வருஷம் கழித்து வந்திருக்கிறான். ஒரு நாள்தானே. கையை விட்டுப் பார்த்தேன், எனக்குச் சுடவில்லை. என் கைக்குச் சுடவில்லை, அதனால் ஊற்றினேன். என்ன மனுஷன் நான்.

ராகவேந்திரன் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளையில் கத்துவானே, அதே மாதிரி. நான் சிரித்துக்கொண்டே ஊற்றினேன். ஏழெட்டுச் சொம்பு.

புடவை மாற்ற எழுந்தாள். உள்ளங்கையை நீட்டினேன். பிடிக்கக் கூடாது, கொடுக்க மட்டும்தான் வேண்டும் என்று நாலு மாசமாகக் கற்றுக்கொண்டேனே, அதை அன்றைக்குச் சரியாகச் செய்தேன். "குதிகால் முதல்ல" என்றேன்.

"ஏன்னா, காலைக் காணலை" என்றாள். அவ்வளவுதான். விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

4.11.2006, சனி

ராகவேந்திரனுக்கு டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏழு வருஷம் தன்னிடம் மறைத்தோம் என்று அழுதான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எப்படிப்பா விழுந்தா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து சரசா சொன்னாள், "எண்ணெய் வழுக்கிடுத்துடா. தரையெல்லாம் எண்ணெய்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவன் இன்று கிளம்பிவிட்டான். போகும்போது, "பாத்ரூம்ல சொரசொரப்பா டைல்ஸ் போட்டுடுங்கோ" என்றான். சரி என்றேன்.

10.12.2006, ஞாயிறு

இடுப்பு கூடிவிட்டது. ஆனால் கால் திரும்பவில்லை. ஏழு வாரம் படுத்த உடம்பில் மிச்சம் இருந்த பலமும் போய்விட்டது என்கிறார்கள். இடது கையும் இப்போது சரியில்லை.

ஷீபா பஸ் ஏறி வீட்டுக்கே வந்தாள். கட்டிலருகில் உட்கார்ந்து, வலது கை விரல்களை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் செய்தாள். விரல்கள் மொட்டாகக் குவிந்து ஒவ்வொன்றாகப் பிரிய வேண்டும், கண் அதன் பின்னாலேயே போக வேண்டும். சரசாவின் சுண்டுவிரல் பிரிவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"காலுக்கு யாரு?" என்று கேட்டாள் சரசா.

"சார் இருக்காரே" என்றாள் ஷீபா.

கட்டிலின் கால்மாட்டில் நின்று நான் அடவு போட்டேன். அவள் கை, என் கால். வேட்டி தடுக்கியது. "மடிச்சுக் கட்டிக்கோங்கோ, நாட்டியக்காரரே" என்றாள்.

வாசலில் வழியனுப்பும்போது ஷீபா எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. எண்ணெய் என்றுதான் அவளுக்கும் சொல்லியிருக்கிறோம். என் முகத்தைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

6.1.2007, சனி

இன்று சொல்லிவிட்டேன்.

சாதத்தைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது ஸ்பூனில் என்னால் முடியவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சொன்னேன். எண்ணெய் இல்லை சரசா, வெந்நீர். ஷீபா என்னிடம் சொல்லியிருந்தாள், ஜூலையிலேயே. உன்னிடம் நான் சொல்லவில்லை. தெரிந்துதான் ஊற்றினேன்.

அவள் வாயில் இருந்ததை விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தேன். இப்போதெல்லாம் விழுங்க நேரமாகிறது.

"நேக்குத் தெரியும்" என்றாள். "ஷீபா என்கிட்டயும் சொல்லியிருந்தாளே. என் ஒடம்பு, என்கிட்டச் சொல்லாம இருப்பாளா."

"பின்னே ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"மொதச் சொம்புலயே தெரிஞ்சுடுத்து, காலு போறதுன்னு. நீங்க சிரிச்சிண்டிருந்தேள். வெளியில அவன் கத்திண்டிருந்தான். சொன்னா ரெண்டு பேரும் நிறுத்திடுவேள்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இன்னும் ரெண்டு சொம்பு தாங்கிடலாம்னு நெனச்சேன். கணக்கு டீச்சர்தான், தப்பாப் போயிடுத்து."

நான் அழுதேன். அவள் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை. வலது கையை நகர்த்தி என் கை மேல் வைக்கப் பார்த்தாள், பாதி தூரம்தான் வந்தது. மீதியை நான் கொண்டுபோனேன்.

"சாதம் ஆறிடுத்து, வேண்டாம்" என்றாள்.

28.1.2007

மேட்டூர் அணையை மூடுகிற தேதி. சரசாவுக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி. காய்ச்சல் ஏறினால் கண்ணும் தெரியவில்லை. நனைத்த துண்டை மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

4.2.2007

குரலும் குறைந்துவிட்டது. கட்டிலில் நான் மெதுவாகத் தாளம் தட்டினால் ஆள்காட்டி விரல் அசைகிறது. எண்ணவில்லை.

24.2.2007, சனி

பதின்மூன்று நாள் காரியமும் நேற்றோடு முடிந்தது. ராகவேந்திரன் விடிந்ததும் கிளம்பினான். நீங்களும் வந்துவிடுங்கள் என்றான், கோயம்புத்தூர் என்று சொல்லவில்லை, அமெரிக்கா என்றான். பார்க்கலாம் என்றேன். அவனிடம் வெந்நீரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "கத்திண்டிருந்தது நான்தானேப்பா" என்றான். இப்படி அவனும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வான் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒன்பது மணிக்கு வைரக்கண்ணு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். மயானத்துக்கு வந்தவன்தான், தெரியாதவன் இல்லை.

"என்னப்பா?" என்றேன்.

"சனிக்கிழமைங்கய்யா" என்றான். "கை தானா இந்தப் பக்கம் திருப்பிடுச்சு."

அம்சம் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தாள்.

3.11.2007, சனி

காதர் மைதீனின் தம்பி சிங்கப்பூர் போனதிலிருந்து, ஏப்ரலிலிருந்து, நான்தான் அவருக்கு எதிர் ஆள். ஷீபா போன் பண்ணிக் கேட்டாள், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று. வாரம் முப்பது ஆகிவிட்டது. காதர் இப்போது சக்கர நாற்காலி. கைக்கு அவர், காலுக்கு நான். "சார் மெலிஞ்சுட்டீங்க, ஆட்டம் தேறிடுச்சு" என்கிறார்.

இன்று புதிதாக ஒரு பெண் வந்தாள். சாவித்திரி, இருபத்துநாலு வயசு. கூட வந்தவர் அவள் அப்பா இராஜாங்கம், திருவையாறு பக்கம் விவசாயம். அவளுடைய மேல்கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கதவருகிலேயே நின்றார். உள்ளே இருப்பவர்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. போன வருஷம் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"கையை விடுங்க. உள்ளங்கையை மட்டும் கொடுங்க" என்றேன். தயங்கித்தான் விட்டார். அந்தப் பெண் ஆடி ஆடி நின்றாள், ஆனால் நின்றாள்.

முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார். "இது சூட்டு உடம்புங்களா, குளிர்ச்சி உடம்புங்களா? வர்ற வியாழக்கிழமை தீபாவளி. புள்ளைக்கு நல்லா எண்ணெய் தேச்சு, கொதிக்கக் கொதிக்க ஊத்தினா நரம்பு இளகிக் குடுக்கும்னு அவ அம்மா சொல்றா. செய்யலாமுங்களா?"

எங்கள் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. தவலை பரணில் இருக்கிறது.

"வெந்நீர் வேண்டாம்" என்றேன். "நல்ல நாள் பெரிய நாள்னாலும் வேண்டாம். உங்க கைக்குச் சுடலைன்னாலும் வேண்டாம். நான் ஊத்தினேன். என் பொண்டாட்டிக்கு, போன தீபாவளிக்கு."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "வீட்ல நான் சொன்னா கேக்க மாட்டாங்க. எழுதிக் குடுத்துருங்களேன்" என்றார்.

இந்த நோட்டிலிருந்துதான் ஒரு தாளைக் கிழித்தேன். 'சாவித்திரிக்கு வெந்நீர் கூடாது. எந்த நாளும் கூடாது.' பெரிய எழுத்தில் எழுதிக் கீழே தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஆபீஸ் பழக்கம்.